சர்வர் பரிந்துரைகளை அப்படியே நம்பலாமா?

சர்வரை நிர்வகிக்கும் பேனலைத் திறந்தாலே சிவப்பும் மஞ்சளுமாகப் பரிந்துரைகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அப்ளை செய்துவிடாதீர்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்டதை முதலில் பாருங்கள், மற்றவை காத்திருக்கட்டும்.

டபிள்யூஹெச்எம் (WHM) என்ற சர்வர் பேனலில் இருக்கும் செக்யூரிட்டி அட்வைசர், எஸ்எஸ்ஹெச் (SSH, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) பாஸ்வேர்டு லாகினை நிறுத்தச் சொல்லும். நல்ல யோசனைதான், ஆனால் வரிசை தப்பினால் நீங்களே வெளியே மாட்டிக்கொள்வீர்கள். முதலில் உங்கள் கீயை (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் சாவி ஃபைல்) ஏற்றி அதை வைத்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைலை ஒரு நகல் எடுத்து, அப்புறம் மாற்றி, 'sshd -t' (சின்ன t) ஓட்டிப் பிழை இல்லை என்று உறுதியானதும் ரீலோடு செய்யுங்கள். திறந்திருக்கும் செஷனை மட்டும் மூடவே கூடாது. இன்னொரு டெர்மினலில் லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் மூடலாம்.

டேட்டாபேஸ் செட்டிங்குகளைப் பார்த்துப் பரிந்துரை சொல்லும் மைஎஸ்க்யூஎல்ட்யூனர் (MySQLTuner) வேறு ரகம். டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் ஆகி 24 மணி நேரம்கூட ஆகவில்லை என்றால், பரிந்துரை தவறாக இருக்கலாம் என்று அதுவே எச்சரிக்கும், யாரும் படிப்பதில்லை! இன்னோடிபி பஃபர் பூலை (டேட்டாபேஸ் தன் தரவை வைத்துக்கொள்ளும் ரேம் பகுதி) கூட்டச் சொன்னால், அதே மெஷினில் பிஹெச்பியும் வெப் சர்வரும் எவ்வளவு ரேம் தின்கின்றன என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். ரேம் தீர்ந்தால் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) ஏதாவது ஒரு புராசஸைக் கொன்றுவிடும், பெரும்பாலும் அது டேட்டாபேஸாகத்தான் இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். வேண்டாம் என்று ஒதுக்கிய பரிந்துரைக்கும் காரணத்தை எழுதி வையுங்கள், அடுத்த ஸ்கேனில் அது மறுபடி வரும்.