என்ஜினில் கடகடச் சத்தமா? அது எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள்

கார் என்ஜினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், எந்தப் பாகம் கெட்டுவிட்டது என்றுதான் பெரும்பாலானோர் தேடத் தொடங்குகிறார்கள். சத்தம் காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிறதா, சூடேறிய பின் வருகிறதா, மேடு ஏறும்போது மட்டும் வருகிறதா என்று பார்ப்பது அதைவிட விரைவாக விடை தரும்.

முதல் வேலை ஆயில் பார்ப்பது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுங்கள். ஆயில் கீழ்க் குறிக்குக் கீழே இருந்தால், காரின் கையேட்டில் சொல்லப்பட்ட கிரேடு ஆயிலை ஊற்றிவிட்டு மற்ற சோதனைகளுக்குப் போங்கள். என்ஜின் ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். சத்தம் கேட்பதற்காகக்கூட மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

அடுத்த நாள் காலை பானெட்டைத் திறந்துவைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கிராங்க் என்ற முதன்மைத் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டுக்குக் கொண்டுசெல்லும் டைமிங் செயின் உள்ள பல என்ஜின்களில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவதால், அந்த அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து அடிக்கலாம். ஒரு நொடிக்குள் அடங்கும் சத்தத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. பல நொடிகள் நீடித்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ செயினையும் டென்ஷனரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். குளிர்ந்த நிலையில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் குறைவது டேப்பட் (வால்வைத் தள்ளும் சிறு பாகம்) சத்தம் போலவே இருந்தாலும், புகையை என்ஜினிலிருந்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் (இணைப்பை அடைக்கும் தகடு) புகை கசிவதாகவும் இருக்கலாம். உலோகம் சூட்டில் விரிந்து இடுக்கை அடைத்துவிடுகிறது. டீசல் என்ஜினுக்குக் கடகடப்பு பிறவிக் குணம் என்பதால், அதில் மாற்றத்தை மட்டுமே கணக்கில் எடுங்கள்.

பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, ஆக்சிலேட்டரை மெதுவாகக் கூட்டிப் பாருங்கள். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றே சுற்றுவதால், 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 கிராங்க் சுற்று) ஒரு வால்வின் தட்டல் நிமிடத்துக்கு 400 முறைதான் வரும். மேலிருந்து மெல்லிய குரலில், என்ஜின் வேகத்தில் பாதியாகக் கேட்டால் டேப்பட்டைச் சந்தேகிக்கலாம்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் கேட்டால், சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைப் பாருங்கள். என்ஜின் நன்கு ஆறிய பின் அதைக் கையால் தட்டினாலே அதே சத்தம் வரும். என் காரில் ஒரு பணிமனை என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றது. கடைசியில் துருப்பிடித்துத் தளர்ந்த இந்தத் தகட்டின் ஸ்க்ரூ ஒன்றை மாற்றியதோடு விஷயம் முடிந்தது.

இடத்தைக் கண்டுபிடிக்க நீண்ட ஸ்க்ரூடிரைவர் போதும். என்ஜின் ஓடும்போது அதன் முனையை ஆல்டர்னேட்டர் (மின்சாரம் தயாரிக்கும் பாகம்) போன்ற அசையாத கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதருகே எலும்பில் அழுத்தினால், உள்ளே பேரிங் உராய்வது தெளிவாகக் கேட்கும். துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை பெல்ட்டின் அருகே வரவே கூடாது. ரேடியேட்டர் விசிறி தானாகவே சுழலத் தொடங்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஏசியை அணைத்ததும் சத்தம் நின்றால், கம்ப்ரசர் பக்கம் பார்க்க வேண்டும்.

உயர்ந்த கியரில் மேடு ஏறும்போது மட்டும் சிறு கோலிகளைக் குலுக்குவதுபோல் கேட்டால், எரிபொருள் சிலிண்டருக்குள் கட்டுப்பாடின்றி வெடிக்கிறது என்று பொருள். கியரைக் குறைத்து ஓட்டுங்கள். கையேடு கேட்கும் ஆக்டேன் (இப்படி வெடிப்பதைத் தாங்கும் திறன்) அளவுள்ள பெட்ரோலைத்தான் போடுகிறீர்களா என்றும் பாருங்கள்.

என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து கனமான 'டொக் டொக்' வந்து, வேகத்தோடு கூடினால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். அந்தக் காரை ஓட்டிச் செல்லாமல் இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். வழியில் ராட் முறிந்தால் என்ஜின் பிளாக்கே உடையலாம்.

பணிமனைக்குப் போவதற்குள் சத்தம் மறைந்துவிடுவது வழக்கம் என்பதால், அது வரும்போதே கைபேசியில் பதிவுசெய்யுங்கள். குளிர்ந்த என்ஜினில் மட்டும் வரும் சத்தமாயின், காரை முந்தைய இரவே அங்கே விட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே செய்யட்டும் என்று சொல்லுங்கள்.