கிட்டார் வாங்கப் போனால் முதலில் நெக்கைப் பாருங்கள்

எங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் சர்ச் கொயரில் வாசிக்கிற பையன்கள் கொஞ்சம் காசு சேர்ந்ததும் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுவார்கள், சாயங்காலம் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரோடு வருவார்கள். நானும் அப்படித்தான் போனேன். சிவப்பு நிறத்தில் பளபளவென்று ஒன்று தொங்கியது, வாங்கிவிட்டேன். மூன்றாவது மாதம் 12வது ஃபிரெட்டுக்கு (குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃபிரெட், தலைப்பக்கத்திலிருந்து எண்ணணும்) மேல் எதைத் தொட்டாலும் கொரகொரப்பு. சரிசெய்யக் கொடுத்த இடத்தில் கழற்றிப் பார்த்துவிட்டு நெக், அதாவது கம்பிகள் ஓடுகிற நீண்ட கழுத்து, முறுக்கியிருக்கிறது, இதற்கு வேறு நெக்தான் போடணும் என்றார்கள். அந்தக் காசுக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். 30,000 முதல் 60,000 ரூபாய் வரை உள்ள கிட்டார்கள்தான் கணக்கு. இந்த விலையில் முழு மோசமும் வராது, ஆனால் ஒரே மாடலில் இரண்டை எடுத்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. அதனால் மாடலைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடாது, கையில் இருக்கிற அந்த ஒன்றைப் பார்க்கணும்.

கடைக்குள் போனதும் ஆம்பில் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) சொருகித் தரட்டுமா என்பார்கள். வேண்டாம் சேட்டா, முதலில் சும்மா பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். ஆசாரி பலகை வாங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார் இல்லையா, அதே மாதிரி தலைப்பக்கத்திலிருந்து பாடியை நோக்கிப் பாருங்கள். ஃபிரெட்டுகள் தண்டவாளக் கட்டைகள் மாதிரி வரிசையாகத் தெரியும். எல்லாம் ஒரே மட்டத்தில் கிடந்தால் நல்லது. போகப் போக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனால் அது முறுக்கு. அதோடு கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தள்ளுபடி தருகிறேன் என்றாலும்.

முறுக்கு வேறு, வளைவு வேறு. ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுவை கொடுக்கும், அதைத் தாங்கத்தான் நெக்குக்குள் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. தடித்த ஈ கம்பியை (ஒரு ஓரத்தில் இருக்கிற, ஆறிலும் தடிமனான கம்பி) முதல் ஃபிரெட்டில் ஒரு கையால் அழுத்துங்கள், நெக் பாடியோடு சேரும் இடத்து ஃபிரெட்டில் மறு கையால் அழுத்துங்கள், ஏழாவது எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். விசிட்டிங் கார்டு கனம், அதாவது 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதிகமாகவோ இல்லாமலோ இருந்தால் பதற வேண்டாம், அலன் கீ (ஆறுமுகச் சாவி) போட்டு ராடைக் கால் சுற்று திருப்பித் தரச் சொல்லுங்கள். திருப்பியதும் இடைவெளி மாறுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மாறவில்லை என்றாலோ, ராட் ஏற்கெனவே கடைசிவரை முறுக்கிக் கிடந்தாலோ அந்தக் கிட்டார் வேண்டாம். மறு ஓரத்து மெல்லிய ஈ கம்பியிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ரொம்ப வித்தியாசம் என்றால் மறுபடி முறுக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் ஃபிரெட். பாக்கெட்டில் இருக்கிற ஏடிஎம் கார்டே போதும். கார்டைக் கம்பிகளுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்தி மூன்று ஃபிரெட்டின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். தொட்டில் மாதிரி ஆடினால் நடு ஃபிரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தலைப்பக்கத்து ஃபிரெட்டுகளுக்குக் கார்டின் நீள விளிம்பு, ஐந்தாவதிலிருந்து குட்டை விளிம்பு. 12க்கு மேல் குட்டை விளிம்பும் நாலு ஃபிரெட்டைத் தொட்டுவிடும், அதற்காகவே ஒரு பழைய கார்டை வெட்டி வைத்திருக்கிறேன், கடையில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒன்றிரண்டு ஃபிரெட் லேசாக ஆடினால் தட்டியோ தேய்த்தோ சரிசெய்யலாம், அதற்கு ஆகும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஆறேழு ஆடினால் விட்டுவிடுங்கள்.

நெக்கின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். ரம்பம் மாதிரி கீறினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்காது, அதனால் ஃபிரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கதி உண்டு. குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, மரத்துக்கு ஈரம் குறைவதே இல்லை. ஏசி கடையில் மாதக்கணக்கில் காய்ந்த கிட்டார் நம் வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் ஊதும், இடைவெளியும் மாறும். அது சகஜம், ராடை லேசாகத் திருப்பினால் சரியாகிவிடும். பாடியில் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜில் இருக்கிற குட்டித் திருகாணிகள் துருப்பிடித்திருந்தால் மட்டும் இது எத்தனை நாளாக இங்கே தொங்குகிறது என்று கேளுங்கள்.

ஃபிங்கர்போர்டு, அதாவது ஃபிரெட்டுகள் பதித்த மேல்பலகை, ஈட்டி மரம் (ரோஸ்வுட்) இல்லையே என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். 2017இல் ஈட்டி வகை மரங்கள் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன, 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்குத் தளர்வு கிடைத்தது. இப்போதும் இந்த விலையில் நிறைய கிட்டார்களில் இந்தியன் லாரல் என்று போட்டிருக்கும், அது வேறொன்றும் இல்லை, நம் கருமருதுதான். நல்ல கெட்டி மரம், கவலை வேண்டாம்.

நெக்கை நாலு திருகாணியால் பாடியோடு இணைத்திருந்தால் இணைப்பைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரு தாள் நுழைகிற சந்து இருந்தால் பரவாயில்லை, ஏடிஎம் கார்டு நுழைந்தால் எனக்குப் பிடிக்காது. அதைவிட முக்கியம், இரண்டு ஓரக் கம்பிகளும் நெக்கின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓட வேண்டும். ஒன்று விளிம்பை ஒட்டிப் போனால் வாசிக்கும்போது கம்பி வழுக்கிக் கீழே போய்விடும்.

இனி சுருதி. 12வது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள், அதே இடத்தில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி, மணி மாதிரி ஒலிக்கிற ஹார்மோனிக் எடுங்கள், ட்யூனர் ஆப்பில் இரண்டும் ஒரே ஸ்வரமாகக் காட்ட வேண்டும். விலகினால் பிரிட்ஜில் கம்பி உட்காருகிற சாடிலை நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் சாடில் ஏற்கெனவே பின்னால் கடைசிவரை போயிருந்தும் ஸ்வரம் ஏறியே நிற்கிறது என்றால் பிரிட்ஜையே தப்பான இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள். தலையில் கம்பியை முறுக்கும் குமிழைத் திருப்பும்போது நட்டில் (தலைக்கும் நெக்குக்கும் நடுவே கம்பிகள் உட்காருகிற பள்ளமுள்ள துண்டு) டிக் டிக் என்று சத்தம் வந்தால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது. நட் வேலை செலவு குறைவு, அதற்காக நல்ல நெக்கை விடாதீர்கள்.

இப்போது ஆம்பில் சொருகலாம். ஒலியைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷனை அணைக்கச் சொல்லுங்கள், அது எல்லாக் குறையையும் மறைக்கும். எல்லாக் கம்பியிலும் எல்லா ஃபிரெட்டையும் ஒருமுறை வாசியுங்கள், நேரமானால் ஆகட்டும். வால்யூம் குமிழ் கரகரத்தால் ஸ்ப்ரே அடித்தால் போகும். சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் காந்தம்) இரைவது அதன் இயல்பு, ஆனால் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைய வேண்டும். தொட்டும் குறையவில்லை என்றால் எர்த் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள், தொட்டால் கூடுகிறது என்றால் உடனே கையை எடுத்துவிட்டு அந்தக் கடையின் ஆம்பையும் பிளக்கையும் சேர்த்தே சந்தேகப்படுங்கள். கேபிள் சொருகும் ஜாக்கை லேசாக அசைத்துப் பாருங்கள், அதோடு மின்சார வேலை முடிந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் வாசித்த பிறகு அந்த விசிட்டிங் கார்டு சோதனையை மறுபடி செய்யுங்கள். எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பஸ் ஏறும் முன்பே.