முக்கோணத்துக்குள் எஞ்சின் அடங்கினால் போதுமா?

சைக்கிளில் மாட்டி ஓட்டலாம் என்று சின்ன பைக் எஞ்சின் ஒன்று கைக்குக் கிடைத்ததும் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். அதைத் தூக்கி சைக்கிள் ஃபிரேமின் நடுவில் இருக்கும் முக்கோணத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அது உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்த சந்தோஷம். அடுத்து வரப்போகும் தவறுகளுக்கெல்லாம் அங்கேதான் அச்சாரம் போடுகிறோம். எஞ்சின் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது அந்த முக்கோணம் இல்லை, பின்சக்கரம்.

காரணம் செயின். செயின் ஓடும் பல்சக்கரங்கள், அதாவது எஞ்சினில் உள்ள முன் ஸ்பிராக்கெட்டும் பின்சக்கரத்தில் உள்ள பின் ஸ்பிராக்கெட்டும், ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அதனால் முதலில் பின்சக்கரத்தை ஃபிரேமின் சரியான நடுவில் மாட்டுங்கள். அதன் ஸ்பிராக்கெட்டின் முகத்தில் நீளமான, வளையாத அலுமினியப் பட்டை ஒன்றை ஒட்டி வைத்து முன்பக்கம் நீட்டுங்கள். பட்டை போகிற வழியில்தான் எஞ்சின் ஸ்பிராக்கெட் வர வேண்டும். அதற்காக எஞ்சின் ஒரு சென்டிமீட்டர் பக்கமாகத் தள்ளி நின்றால் நிற்கட்டும், ஓட்டும்போது அது தெரியாது. கோணலாக ஓடும் செயின் தெரியும். வேகத்தில் கழன்று ஸ்பிராக்கெட்டுக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவே சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

செயின் வாங்கும்போதும் ஒரு குழப்பம் உண்டு. 415, 420, 428 என்ற எண்களில் வரும் மூன்று வகைச் செயின்களுக்கும் கண்ணிகளின் இடைவெளி ஒன்றே, 12.7 மி.மீ. அகலம்தான் வேறு. 415-ன் உள் அகலம் 4.76 மி.மீ., 420-க்கு 6.35. அதனால் 420 செயின் 415 ஸ்பிராக்கெட்டில் உட்கார்ந்துவிடும், ஆனால் பக்கவாட்டில் ஆடும். அதையே மாற்றிப் போட்டால் ஏறவே ஏறாது.

அடுத்தது பெடல். 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழியில் வந்த படுக்கை சிலிண்டர் எஞ்சின்களைத்தான் பலரும் தேடுகிறார்கள். அவற்றில் செயின் இடப்பக்கம், கிக்கர் வலப்பக்கம். சைக்கிள் செயின் வலப்பக்கம் ஓடுவதால் இரண்டு செயின்களும் மோதாது, நல்லதுதான். ஆனால் கிக்கர் இறங்கும் வழியில் வலது பெடல் நிற்கும், கியர் லீவருக்குப் பக்கத்தில் இடது பெடல் சுற்றும். சாதாரண சைக்கிளில் பெடல் அச்சு ஓடும் குழாயின் அகலம் 68 மி.மீ. எஞ்சின் உடம்பு அதைவிட அகலம். நீளமான அச்சும் வெளியே வளைந்த கிராங்கும் இல்லாமல் முடியாது. அவற்றை மாட்டி, பெடலை ஒரு முழுச்சுற்று சுற்றி, கிக்கரையும் கடைசிவரை மிதித்துப் பார்த்த பிறகே அளவு எடுங்கள்.

இடம் போதவில்லை என்று எஞ்சினையே மேல்நோக்கித் திருப்பி வைப்பவர்களும் உண்டு. கார்புரேட்டரை வேறு மேனிஃபோல்டு (அதை எஞ்சினோடு இணைக்கும் குழாய்) போட்டு நிமிர்த்திவிடலாம். உள்ளே இருக்கும் ஆயிலை நிமிர்த்த முடியாது. ஆயில் தேங்கும் இடம் மாறினால் பம்ப் காற்றை உறிஞ்சலாம், ஆயில் குச்சி காட்டும் அளவும் பொய்.

சரி, வெல்டிங். கிளாம்ப் போட்டு ஃபிரேம் குழாயில் எஞ்சினைத் தொங்கவிடுவதை மறந்துவிடுங்கள். சைக்கிள் குழாயின் சுவர் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நசுங்கும், பிறகு விரிசல் விடும். அலுமினிய ஃபிரேம் என்றால் வெல்டு பட்ட இடம் பலமிழக்கும், சூட்டுப் பதப்படுத்தல் இல்லாமல் பழைய பலம் திரும்பாது. இரும்பு ஃபிரேமில் தடித்த பிராக்கெட் வைத்து, மூலைகளில் முக்கோணத் தகடு கொடுத்துச் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. எஞ்சினை மாட்டிவைத்தபடியே முழு வெல்டு அடிக்காதீர்கள். கரண்ட் பேரிங் வழியாகப் பாயலாம், சீல்கள் கருகும். காலி கிராங்க்கேஸ் (எஞ்சினின் வெளிக்கூடு) இருந்தால் அதை மாட்டி, பிராக்கெட்டில் அங்கங்கே பொட்டு பொட்டாக மட்டும் வெல்டு வைத்து, கூட்டை எடுத்துவிட்டு, அதே அகலத்துக்கு ஒரு இரும்புத் துண்டை போல்ட் போட்டு இறுக்கி, பக்கம் மாற்றி மாற்றி அடியுங்கள். அந்தத் துண்டு இல்லையென்றால் ஆறும்போது பிராக்கெட் இழுத்துக்கொள்ளும். அப்புறம் போல்ட் ஓட்டைக்கு சுத்தியல்தான் கதி.

பின் ஸ்பிராக்கெட்டை ரப்பர் வைத்து ஸ்போக்ஸில் இறுக்கும் முறை சைக்கிள் கிட்டுகளோடு வரும். சைக்கிள் ஸ்போக் 2 மி.மீ. தடிமன். பைக் எஞ்சின் முதல் கியரில் இழுக்கிற இழுப்புக்கு அது ஆகாது, ஹப்பில் நேராக போல்ட் போட வழி பாருங்கள்.

கியர் கணக்கைப் போடாமல் ஸ்பிராக்கெட் வாங்குவது அடுத்த தவறு. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீட்டர் போகும். எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்று, கடைசி கியரில் மொத்தக் குறைப்பு 10 மடங்கு (எஞ்சின் 10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்றால் வேகம் மணிக்கு 87 கி.மீ. சைக்கிள் டயரில்! குறைப்பை 14 ஆக்கினால் 62. பெரிய பின் ஸ்பிராக்கெட் போட்டால் வண்டி கிளம்பும்போது கிளட்சும் தப்பிக்கும்.

அந்த 60-ஐ நிறுத்தவும் வேண்டுமே. 20 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல 9 மடங்கு ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். ரிம் பிரேக்கை நம்பாதீர்கள். முன்னால் டிஸ்க், அதைத் தாங்குகிற ஃபோர்க், இரண்டும் எஞ்சினுக்கு முன்பே வாங்க வேண்டியவை. சாலையில் ஓட்டுவதென்றால் பதிவு விதிகளையும் அப்போதே பாருங்கள்.

என் முதல் வண்டியில் எல்லாம் பொருந்தியது. பெயின்ட் காய்ந்த பிறகு ஆயில் பார்க்கப் போனால், குச்சியைத் திருகி எடுக்க பிராக்கெட் விடவில்லை. ஆயில் பார்க்க நினைத்தபோதெல்லாம் இரண்டு போல்ட்டைக் கழற்றி எஞ்சினைச் சாய்த்துக்கொண்டிருந்தேன்.