ஆலன் ரிக்மனைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் நடிகர் ஆலன் ரிக்மன் என்றதும் பலருக்குக் கறுப்பு அங்கியும் தோள்வரை தொங்கும் முடியுமாக ஹாரி பாட்டர் படங்களின் ஆசிரியர் ஸ்னேப்தான் கண்முன் வருவார். அதில் குறையில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஹாரி பாட்டரிலிருந்து தொடங்குவது பெரிய தவறு. முதல் படம் வெளியான 2001இல் அவருக்கு வயது 55. அதற்குள் மேடையில் கால் நூற்றாண்டைத் தாண்டியிருந்தார்.

"சிறு வயதிலேயே நடிப்பில் இறங்கினார்" என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறோம். லண்டனின் ஆக்டன் பகுதியில் 1946 பிப்ரவரி 21 அன்று பிறந்தவர் அவர். எட்டு வயதில் தந்தையை இழந்தார். நான்கு பிள்ளைகளையும் தாய்தான் வளர்த்து ஆளாக்கினார். ரிக்மன் படித்தது கிராஃபிக் டிசைன். நண்பர்களோடு சேர்ந்து ஒரு டிசைன் ஸ்டுடியோவும் நடத்தினார். 26 வயதில் அதை விட்டுவிட்டு ராடா நாடகப் பள்ளியில் சேர்ந்தார். படிக்கும்போது கைச்செலவுக்காக நைஜல் ஹாத்தோர்ன், ரால்ஃப் ரிச்சர்ட்சன் போன்ற மூத்த நடிகர்களுக்கு உடை மாற்ற உதவும் வேலை பார்த்தார். குறிப்பு எழுதும் யாரும் விட்டுவிடக் கூடாத வரி இது என்பேன். பின்னாளில் உலகமே வியந்த நடிகர், பெரிய நடிகர்களின் ஒப்பனை அறையில் கோட்டை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்!

டை ஹார்ட் (1988) அவருடைய முதல் திரைப்படம் என்பது சரி. அதனால் ஒரே நாளில் புகழ் பெற்றார் என்று எழுதுவது தவறு. 1982இலேயே பிபிசி தொடரில் ஒபதையா ஸ்லோப் என்ற பாதிரியாராக வந்து பார்வையாளர்களின் வெறுப்பையும் பாராட்டையும் ஒருசேர வாங்கியவர். 1985இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் 'லே லியாசோன் தாஞ்செரூஸ்' நாடகத்தில் வால்மோன் பிரபுவாக நடித்தார். அந்த நாடகம் நியூயார்க்கின் பிராட்வே வரை போய், அவருக்கு டோனி விருதுப் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. அதே கதை படமானபோது வால்மோனாக நடித்தது ஜான் மால்கோவிச். அந்தப் படத்தை ரிக்மனின் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

டை ஹார்டில் ஒரு காட்சியைத் திரும்பப் பாருங்கள். கதாநாயகனின் துப்பாக்கி முனையில் தனியாகச் சிக்கிக்கொள்ளும் ஹான்ஸ் குரூபர் (ரிக்மன் நடித்த வில்லன்), கண்மூடித் திறப்பதற்குள் நடுநடுங்கும் அமெரிக்கப் பிணைக்கைதியாக மாறிவிடுகிறான். தோள் குறுகுகிறது, குரல் உடைகிறது, உச்சரிப்பே வேறாகிறது. ரிக்மனுக்கு அமெரிக்க உச்சரிப்பு வரும் என்று தெரிந்த பிறகே இந்தக் காட்சி கதையில் சேர்க்கப்பட்டது. மேடையில் ஊறியவரின் கைவண்ணம் இது.

இந்தக் குரூபரால் அவருக்கு "வில்லன் நடிகர்" என்ற முத்திரை விழுந்துவிட்டது. காதலியைத் தேடி ஆவியாகத் திரும்பி வரும் செல்லோ கலைஞராகவும், ஜேன் ஆஸ்டின் கதையில் பொறுமையே உருவான கர்னல் பிராண்டனாகவும் அவரைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். இரண்டு படங்களை இயக்கியவர் என்பதும் பல குறிப்புகளில் விடுபட்டுப் போகிறது.

விருதுகளில் கவனம் வேண்டும். பாஃப்டா, எம்மி, கோல்டன் குளோப் மூன்றும் வாங்கியிருக்கிறார். ஆஸ்காருக்கு ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை. பெயருக்கு முன்னால் 'சர்' போடுவதும் தவறு. அந்தப் பட்டம் அவருக்கு இல்லை.

ஸ்னேப்பின் முழு ரகசியத்தையும் ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ரௌலிங் தொடக்கத்திலேயே அவரிடம் சொல்லிவிட்டார் என்ற கதை நெடுநாளாகச் சுற்றுகிறது. ரிக்மன் தாமே 2011இல் எழுதியது வேறு. மூன்று புத்தகங்களே வந்திருந்த நேரத்தில், தொலைபேசியில் ஒரேயொரு சிறு தகவலைத்தான் ரௌலிங் சொன்னார். ஸ்னேப்பின் அந்த மாறாத உடைக்குள் வேறொரு மனிதன் இருக்கிறான் என்று நம்ப அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கடைசிப் புத்தகம் 2007இல்தான் வந்தது. அதுவரை வந்த படங்களில் எல்லாம் கையில் அந்த ஒரு துணுக்கோடு நடித்திருக்கிறார்.