ஆற்றங்கரை ஊரில் யார் எப்போது குடியேறினார்கள்? கும்பகோணத்தை வைத்து ஒரு வழிகாட்டி

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிற கும்பகோணம் போன்ற ஊரில், "நாங்கதான் இங்க முதல்ல வந்தோம்" என்று சொல்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாகேசுவரன் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகளே இருக்கும்போது முதல் குடும்பம் எது என்று தேடுவது வீண். சோழர், நாயக்கர், மராத்தியர் என்று ஒவ்வொரு ஆட்சியிலும் யார் வந்து சேர்ந்தார்கள் என்று தேடினால் கையில் ஏதாவது கிடைக்கும்.

வீட்டுப் பெரியவர்களிடமிருந்து தொடங்குங்கள். முதல் கேள்வி, குலதெய்வம் எந்த ஊரில்? அது தள்ளி வேறு ஊரில் இருந்தால் பெரும்பாலும் குடும்பம் கிளம்பிய இடம் அதுதான். அப்புறம் திருவிழாவில் எந்த நாள் மண்டகப்படி (அன்றைய செலவை ஏற்று நடத்தும் உரிமை) யாருடையது, அது எப்போதிலிருந்து என்று கோயிலில் கேளுங்கள். பகவத் படித்துறை, சக்கரப் படித்துறை, பழைய சத்திரங்கள் என்று நடந்துபோய் கட்டிக்கொடுத்தவர் பெயர் பொறித்த உபயக் கல் இருக்கிறதா பாருங்கள். சாயங்காலச் சாய்வு வெயிலில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். தெருப்பெயரையும் விடாதீர்கள்: டபீர் என்பது மராத்திய அரசவைப் பதவி, இங்கே டபீர் தெருவே இருக்கிறது.

காகிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இனாம் பதிவேடு, அதாவது மானியமாகக் கொடுத்த நிலங்களின் பதிவேடு. ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், மானிய நிலம் ஒவ்வொன்றுக்கும் கொடுத்தவர் யார், முதலில் வாங்கியவர் யார், விசாரணையின்போது அனுபவித்தவர் யார், அவருக்கு என்ன உறவு என்றெல்லாம் விசாரித்து எழுதியது. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறை கிடைத்துவிடும். சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம், ஆனால் கிராமத்தின் பழைய பெயரும் அப்போதைய தாலுகாவும் தெரியாமல் போனால் நாள் முழுக்க அலைய வேண்டியிருக்கும். மராத்தியர் காலத்துக்கு (1855 வரை) தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் மோடி ஆவணங்கள் (மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் உள்ளவை) உண்டு. அவற்றில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழில் வெளியிட்டிருக்கிறது. 1906-இல் வந்த தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியரில் (அரசின் மாவட்ட விவர நூல்) குடும்பப் பெயர்களை எதிர்பார்க்க வேண்டாம், ஊர் நிலவரம் தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பி இறங்காதீர்கள், அச்சில் இருப்பது எண்ணிக்கை மட்டும்தான், வீட்டுவாரியாகப் பெயர் கிடையாது.

ஒன்று முக்கியம். இந்த ஆவணங்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் நிலமும் மானியமும் வைத்திருந்தவர்கள். வாய்க்கால் வெட்டியவர்கள், நாற்று நட்டவர்கள், துணி வெளுத்தவர்கள், தறி போட்டவர்கள் பெயர் அங்கே அபூர்வம். அவர்கள் இல்லாமல் இந்த ஊரே இல்லை. அவர்கள் தெருவுக்குப் போய் உட்கார்ந்து, எந்த அம்மன் கோயிலுக்கு யார் பூசாரி, பெண் எடுத்தது எந்த ஊரில், எந்த வெள்ளத்துக்கு அப்புறம் இந்த இடத்துக்கு மாறினார்கள் என்று கேட்டு, அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்யுங்கள். எழுபது எண்பது வயதுக்காரர்கள் இருக்கும்போதே, ஆவணக் காப்பகத்துக்கு ரயில் ஏறுவதற்கு முன்னாலேயே இதை முடித்துவிடுங்கள்.