பிடித்த படம், பிடிக்காத படம்: முறுக்கிக்கொள்ளாமல் பேசவும் ஆளறிந்து படம் சொல்லவும்

‘ஆயிரத்தில் ஒருவன் பார்த்திருக்கியா?’ என்று யாராவது கேட்டால், முதலில் எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1965இல் பி.ஆர். பந்துலு எடுத்தது ஒன்று, எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாக ஜோடி சேர்ந்த படம். 2010 பொங்கலுக்குச் செல்வராகவன் கொண்டுவந்தது இன்னொன்று. முதல் படத்தை வைத்து எந்த வீட்டிலும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. இரண்டாவதைப் பற்றிப் பேச்செடுத்தால் டீ ஆறுவதற்குள் குரல் உயர்ந்துவிடும்.

நான் திருநெல்வேலியில் சிடி வாடகைக் கடை வைத்திருந்தவன். கடை போய்விட்டது, அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பேருந்து நடத்துநர் அண்ணன் ஒருவர், தையல் கடை அக்கா, கல்லூரிப் பையன்கள் சிலர், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். ஆளுக்கு ஒரு ரசனை. கல்லாவில் உட்கார்ந்தும் மாடியில் உட்கார்ந்தும் எனக்குப் பிடிபட்ட முறைகளை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் படத்தைப் பார்த்தீர்கள் என்பதில் தொடங்குங்கள்

ஒரே பெயரில் இரண்டு பேர் இரண்டு படங்களைப் பார்த்திருப்பார்கள். ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பரில் வந்தபோது ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடியது. நீளம் என்று பேச்சு கிளம்பியதும், வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். முதல் நாள் பார்த்த நடத்துநர் அண்ணனும் அடுத்த வாரம் பார்த்த அக்காவும் ‘இழுவை’, ‘எங்க இழுத்தாங்க?’ என்று மோதிக்கொண்டால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். அண்ணன் பார்த்த காட்சிகள் சில அக்காவுக்கு வரவே இல்லை.

பார்த்த இடத்தையும் கேளுங்கள். ‘கங்குவா’ வந்த சமயம் சத்தம் காதைப் பிளக்கிறது என்று புகார் எழுந்து, ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். முதல் நாள் முதல் காட்சியில் அந்த இரைச்சலுக்கு நடுவே பார்த்தவரும், வீட்டில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தவரும் ஒரே அனுபவத்தைப் பற்றிப் பேச முடியாது. அதனால் எங்கள் மாடியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எங்கே, எப்போது, யாரோடு பார்த்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் கருத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு போய் நெளிந்துகொண்டே பார்த்த படத்தை ஒருவர் வெறுப்பதற்கு அந்த நெளிவே போதும்.

ஒரு காட்சியைக் கையில் எடுங்கள்

‘மொக்கை’, ‘மாஸ்டர்பீஸ்’, ‘செம லேக்’, ‘ஓவர்ரேட்டட்’. இந்த நான்கு சொற்களையும் வைத்துக்கொண்டு விடியவிடியப் பேசலாம், யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. ஒரு காட்சியைச் சொல்லி, அது ஏன் வேலை செய்தது அல்லது செய்யவில்லை என்று பேசினால் எதிராளிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும்.

2010இன் ‘ஆயிரத்தில் ஒருவ’னையே எடுத்துக்கொள்வோம். பிடிக்காதவர்களில் பெரும்பாலோர் ‘செகண்ட் ஹாஃப் புரியலை’ என்பார்கள். அதோடு விடாதீர்கள், எந்த இடத்தில் விட்டுப்போனது என்று கேளுங்கள். முதல் பாதியில் மணல்வெளியில் நடராஜர் நிழல் விழும் காட்சி ஒன்று வருகிறது. நிழல் விழுந்த இடத்தில் மட்டும்தான் கால் வைக்கலாம். நிழல் நகர நகர அதனோடு ஓட வேண்டும். சாகசப் படம் பார்க்க வந்தவருக்கு விருந்து அது. கார்த்திக்கு ‘பருத்திவீர’னுக்குப் பிறகு வந்த இரண்டாவது படம், பொங்கல் வெளியீடு வேறு. கூட்டம் எந்த எதிர்பார்ப்போடு உள்ளே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இடைவேளைக்குப் பிறகு படம் வேறு ஊருக்குப் போய்விடுகிறது. பசியில் வாடும் ஒரு சனம், இருட்டு, தாய்நிலத்திலிருந்து அழைப்பு வரும் என்று காத்துக்கிடக்கும் அரசனாகப் பார்த்திபன், பழந்தமிழில் வசனம். ‘தாய் தின்ற மண்ணே’ பாட்டு அந்த அரசனின் ஏக்கத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. சாகசத்துக்கு டிக்கெட் எடுத்தவர் கையில் ஓர் இனத்தின் சாவைக் கொடுக்கிறார் இயக்குநர். இதை ஏமாற்று என்று ஒருவர் சொன்னால் அவர் பக்கம் நியாயம் உண்டு. எனக்கோ இந்தத் திருப்பம்தான் படம். தூரத்தில் புதையலாகத் தெரிந்தது கிட்டப்போனால் பட்டினி என்று காட்டத்தான் அந்த முதல் பாதியே இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் வாத்தியார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ‘அந்த வசனத்தைக் காது பிடிக்குறதுக்குள்ள அடுத்த ஆள் பேசிருதான் வே, நான் தமிழ் வாத்தியார், எனக்கே இப்படின்னா?’ என்கிறார். இது நல்ல குற்றச்சாட்டு. அவர் இதைச் சொன்ன பிறகு நான் ஒலிக்காகவே அந்தப் பாதியை மறுபடி பார்த்தேன். ‘மொக்கை’ என்று சொல்லியிருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். காட்சியைச் சொல்லும்போது பக்கத்தில் படம் பார்க்காதவர் இருந்தால் முடிவைத் தொடாதீர்கள். பாதிப் படத்துக்கு முன்னால் வரும் காட்சியை வைத்தே எந்த வாதத்தையும் ஓரளவு நடத்திவிடலாம். முடிவு பற்றித்தான் பேச வேண்டும் என்றால் பார்க்காதவரைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். எழுந்து கீழே போய் டீ சொல்லிவிட்டு வருகிற அளவுக்கு நாகரிகம் எங்கள் பையன்களுக்கு உண்டு.

‘அன்பே சிவமும்தான் ஓடலை’ என்ற வாதம்

எந்த ஓடாத படத்துக்கு வக்காலத்து வாங்கினாலும் கடைசியில் இது வந்து நிற்கும். 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ அப்போது ஓடவில்லை. அப்புறம் டிவியில் போடப்போட ஊரே கொண்டாடியது. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’ வந்த அதே நாளில் வந்த ‘குணா’ அன்றைக்குப் பின்தங்கியது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் ‘குணா’ எடுத்த குகைக்குள் போய் ‘கண்மணி அன்போடு’ பாட்டை ஒலிக்கவிட்டதும், அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் அரங்கில் கைதட்டினார்கள். உண்மைதான். ஆனால் இதே காலத்தில் வந்து ஓடாமல் போன மற்ற படங்கள் எத்தனை? அவற்றை யாரும் தேடி எடுக்கவில்லை. ஓடாமல் போனது ஒரு படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் ஆகாது, ஓடியதும் ஆகாது. வசூல் கணக்கை யாராவது எடுத்தால், ‘சரி, அது தயாரிப்பாளர் கவலை, நீங்க எந்தக் காட்சியில அசந்தீங்க?’ என்று பேச்சை இழுத்து வாருங்கள்.

ஒருவருக்கு வலித்தது என்றால்

இங்கே மட்டும் வாதம் பண்ணுகிற வேகத்தைக் குறைக்க வேண்டும். ‘சூப்பர் டீலக்ஸ்’ 2019இல் வந்தபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஷில்பா என்ற திருநங்கையாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அதே பாத்திரம் தன் கடந்த காலத்தைச் சொல்லும் ஓர் இடத்தைத் திருநங்கைகள் பலர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். குழந்தை கடத்துகிறவர்கள் என்று தங்கள்மீது ஏற்கெனவே கிடக்கும் பழியை அந்த வசனம் பலப்படுத்துகிறது என்பது அவர்கள் சொன்னது. ‘இது கதைதானே, ஏன் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கறீங்க’ என்று பதில் சொல்லக் கூடாத இடம் இது. அந்தப் பழியால் தெருவில் அடி வாங்குகிறவருக்கு அது கதையாக நிற்பதில்லை. எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும். ஷில்பாவும் மகன் ராசுக்குட்டியும் வரும் பகுதிகளை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். அந்தக் கண்டனமும் நியாயம் என்று நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்தே சொல்லலாம், ஒன்றுக்காக இன்னொன்றை விழுங்க வேண்டியதில்லை.

படம் சொல்வதற்கு முன் ஆளைக் கேளுங்கள்

கடையில் வந்து நின்று ‘நல்ல படமா ஒண்ணு குடுங்கண்ணே’ என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. நான் திருப்பிக் கேட்பது, ‘கடைசியா எந்தப் படத்தைப் பாதியில நிறுத்தினீங்க, எந்த இடத்துல?’ பிடித்த படத்தைக் கேட்டால் எல்லாரும் ஒரே பத்துப் பெயர்களைத்தான் சொல்வார்கள். நிறுத்திய இடம் அவரவருக்கே உரியது. ரத்தம் வந்ததும் நிறுத்தினாரா, பாட்டு வரவில்லை என்று நிறுத்தினாரா, தூங்கிப்போனாரா. அடுத்து, இன்று ராத்திரி எவ்வளவு நேரம் இருக்கிறது, கூட யார் உட்காருவார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

மெதுவாக நகரும் படத்துக்கு ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும் என்றால் ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். நான் வைத்திருக்கும் வரிசை இது. முதலில் இயக்குநர் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’. பீட்சாவுக்கு ஏங்கும் இரண்டு பொடியன்கள், யாருக்கும் அலுக்காது. அடுத்து அதே மணிகண்டன் 2022இல் தந்த ‘கடைசி விவசாயி’. நல்லாண்டி என்ற நிஜ விவசாயி நடித்திருக்கிறார், படம் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் பேசும் வேகத்துக்குப் படமும் நடக்கும். இந்த இரண்டும் பிடித்தால் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’, 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, 75 நிமிடம்தான். அதற்கு அப்புறம்தான் அதே இயக்குநரின் ‘கொட்டுக்காளி’.

‘கொட்டுக்காளி’யை நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன ஆகும் என்று 2024இல் திரையரங்குகளில் பார்த்தோம். சூரி பெயரைப் பார்த்து வந்த கூட்டம், முடிவு வந்ததும் ‘அவ்வளவுதானா?’ என்று எழுந்தது. பின்னணி இசை கிடையாது. ஒரு ஆட்டோவிலும் சில பைக்குகளிலும் ஒரு குடும்பம் சாமியாடியைப் பார்க்கப் போகிறது, நாயகி அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. படம் சொல்லும்போது இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்துக் கொடுத்தால் அடுத்த முறை உங்கள் பேச்சை நம்ப மாட்டார்கள். கூடவே, காத்திருக்க ஒரு காட்சியைச் சொல்லுங்கள். அந்தப் படத்துக்கு நான் சொல்வது மாடு வழிமறிக்கும் இடம். நடுரோட்டில் ஒரு காளை நிற்கிறது. வீராப்பாக வந்த ஆண்கள் அத்தனை பேரும் வண்டியை நிறுத்திவிட்டுத் தயங்குகிறார்கள். ஒரு சின்னப் பெண் வருகிறாள், காளையை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். யாரும் ஒரு வார்த்தை விளக்கவில்லை. அந்த இடம் உங்களுக்குச் சிரிப்பையும் கோபத்தையும் ஒன்றாகத் தந்தால் படம் உங்களுக்கானது, தராவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவேன்.

வரிசைக்கு வெளியே ஒன்று. பழைய பாட்டிலேயே ஊறின பெரியவர்களுக்கு மலையாள இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்க’த்தைச் சொல்லிப் பாருங்கள். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளி ஒருவர் வழியில் ஒரு தமிழ் ஊரில் இறங்கி, அந்த ஊர்க்காரராகவே ஆகிவிடுகிறார். படம் முழுக்க வீடுகளிலிருந்தும் டிவியிலிருந்தும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் கேட்டுக்கொண்டே இருக்கும். பையன்கள் ‘கேமரா நகரவே இல்லைண்ணே’ என்று புலம்பிய படத்தை வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே ரசித்தார்.

கைமாற்றிக்கொள்ளும்போது

ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதை அவர் பார்த்தால் அவர் சொன்னதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும், அதுவும் அதே வாரத்தில். பத்துப் பெயர் கொண்ட பட்டியலை அனுப்பாதீர்கள், அதில் ஒன்றையும் யாரும் பார்க்க மாட்டார்கள். பெயரோடு ஆண்டையும், எவ்வளவு நேரம் ஓடும் என்பதையும், எந்த ஓடிடியில் இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். போன மாதம் இருந்த படம் இந்த மாதம் அங்கே இருக்காது, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை நீங்களே தேடிப் பார்த்துவிடுங்கள்.

முதல் நாற்பது நிமிடம் வரை போனை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். அதற்கு மேல் பிடிக்கவில்லை என்றால் நிறுத்த முழு உரிமை உண்டு, யாரும் முகத்தைத் தூக்கக் கூடாது. பார்த்து முடித்த ராத்திரியே ‘எப்படி?’ என்று கேட்டுத் துளைக்காதீர்கள். நண்பர் மனசு நோகக் கூடாதே என்று ‘நல்லாருந்துச்சு’ என்பார், பேச்சு அங்கேயே செத்துப்போகும். இரண்டு நாள் விட்டு, ‘எந்த இடம் ஞாபகம் இருக்கு?’ என்று கேளுங்கள். தையல் கடை அக்காவிடம் ‘மெய்யழகன்’ பற்றி அப்படித்தான் கேட்டேன். கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண மேடையில் அரவிந்த்சாமி தங்கைக்கு ஒவ்வொரு நகையாகப் போட்டுவிடுகிற காட்சியை அப்படியே நடித்துக் காட்டினார். ‘கூடப் பொறந்தவன் வந்து நிக்கணும் தம்பி, நகை கெடக்கட்டும்’ என்றார். நடத்துநர் அண்ணன் அந்தக் காட்சியையும் நீளம் என்றுதான் சொன்னார். அக்கா அவரை விடவில்லை, எந்த நகையில் வெட்டியிருக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார்.

இந்த வாரம் அக்கா அண்ணனுக்கு ‘கடைசி விவசாயி’ கொடுத்திருக்கிறார். அண்ணன் அக்காவுக்குக் கொடுத்திருப்பது 2010இன் ‘ஆயிரத்தில் ஒருவன்’, இடைவேளையில் நிறுத்தக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.