வாடகை கட்டிக்கொண்டே வீடு வாங்கலாமா? கையெழுத்துக்கு முன் செய்கிற தவறுகள்

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். பிஸ்கட் டப்பா ஒன்றில் முப்பத்தொரு ரசீது வைத்திருந்தார். கடையில் விற்குமே, அச்சடித்த வாடகை ரசீதுப் புத்தகம், அதிலிருந்து மாதம் ஒன்றாகக் கிழித்துக் கொடுத்தவை. குடியிருக்கிற வீட்டை அவரே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. முன்பணம் 4 லட்சம். அப்புறம் மாதம் 16,000. அதில் பாதி வாடகை, பாதி வீட்டு விலையில் கழியும். "வாடகையா போற காசு வீட்டு விலையில போகட்டுமே" என்று வீட்டுக்காரர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

இரண்டரை வருடம் போனது. அக்கம்பக்கத்தில் விலை ஏறியது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் போனார். நாலைந்து ரசீதைப் புரட்டிவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "எல்லாத்துலயும் 'வாடகை வகையில்'னுதானேம்மா போட்டிருக்கு?"

பணம் வாங்கும்போது உங்களை வீடு வாங்குகிறவர் என்பார்கள். தகராறு வந்தால் வாடகைதாரர் என்பார்கள். இந்த ஏற்பாட்டில் பணம் தொலைகிற வழிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு பெயருக்கும் நடுவில்தான் இருக்கின்றன. வாடகைக் குடித்தனத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் உண்டு. கிரயத்துக்கு, அதாவது விற்பனைக்கு, வேறு சட்டங்கள் உண்டு. இரண்டையும் கலந்து கட்டிய இந்தப் பேரத்துக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. ஆகவே காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் கதி.

நோட்டரி முத்திரை போதும் என்று நினைப்பது

ஒரு முத்திரைத்தாள், இரண்டு பக்கம் டைப்பிங், கீழே நோட்டரி முத்திரை. பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நோட்டரி சொல்வதெல்லாம், இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதுதான். வீட்டுக்காரருக்கு அந்த வீட்டை விற்க உரிமை இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. முக்கியமாக, நோட்டரி போட்ட காகிதம், ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில், அதாவது ஈசியில், ஏறாது. நாளைக்கே அதே வீட்டை இன்னொருவருக்கு விற்கப் பேசினால், அவர் ஈசி போட்டுப் பார்க்கும்போது உங்கள் பெயர் அதில் இருக்காது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தம் வெறும் குப்பையா என்றால், அப்படியும் இல்லை. ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடுக்கச் சொல்லிப் போடும் வழக்கில், அதாவது கோர்ட்டில் 'ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு' என்பார்களே, அதில் பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாகக் காட்டலாம் என்று நம் மாநிலத்து வழக்கொன்றிலேயே 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் குடியிருப்பவரைக் காப்பாற்றும் பிரிவு வேறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ. ஒப்பந்தத்தை நம்பிப் பணம் கொடுத்து, வீட்டையும் கையில் வைத்திருப்பவரை, விற்பதாகச் சொன்னவரே வெளியே தள்ள முடியாது என்பது அதன் சாரம். 2001 திருத்தத்துக்குப் பிறகு பதிந்த ஒப்பந்தத்துக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. சுருக்கமாக, பதியாத காகிதத்தை வைத்துக்கொண்டு வழக்குப் போடலாம், ஆனால் வீட்டுக்குள் இருந்துகொண்டு அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது.

பதிந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கிரய ஒப்பந்தம் என்பது விற்கிறேன் என்ற வாக்குதான், கிரயம் அல்ல. கிரயப் பத்திரம் பதிகிற வரை வீடு அவருடையது.

வாடகைக்கும் கிரயத்துக்கும் ஒரே பத்திரம் போடாமல் இரண்டாகப் போடுவது நல்லது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். அது ஒரு காகிதம். கிரய ஒப்பந்தம் இன்னொன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தது. மாதப் பணத்தில் எவ்வளவு வாடகை, எவ்வளவு கிரயத் தொகையில் வரவு, நீங்கள் குடியிருப்பது வாடகைதாரராகவா, வாங்குகிறவராகவா என்பதெல்லாம் இதில் வர வேண்டும். இதை எழுதும் வக்கீல் உங்கள் வக்கீலாக இருக்கட்டும். "நம்ம ஆளுதான்" என்று புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் யாருடைய ஆள் என்பது எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

"டாக்குமெண்ட் பேங்க்ல இருக்கு" என்றதும் நகர்ந்துவிடுவது

இதைச் சாதாரணமாகச் சொல்வார்கள், நாமும் தலையாட்டிவிடுவோம். அங்கேதான் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த வங்கி, எந்தக் கிளை, பாக்கி எவ்வளவு, தவணை ஒழுங்காகப் போகிறதா? வீட்டுக்காரர் உங்கள் 16,000-ஐ வாங்கி வேறு செலவு பார்த்துக்கொண்டு, கடனைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கணக்கு வாராக்கடன் ஆனதும் 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அதற்கும் கட்டவில்லை என்றால் வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். வங்கியின் அடமானம் உங்கள் ஒப்பந்தத்துக்கு முந்தையது. அதன் முன்னால் உங்கள் ஒப்பந்தம், அது பதிந்ததாகவே இருந்தாலும், பின்வரிசைதான். இதில் கொடுமை, அந்த நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயருக்கு வரும். கதவில் ஒட்டும் நாள்வரை குடியிருப்பவருக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம்.

முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் ஈசி எடுங்கள். குறைந்தது 30 வருடத்துக்கு. பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கி, அதைப் பதிந்திருந்தால் அதில் தெரியும். பதியாமல் தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் தெரியாது. அதனால்தான் மூலப் பத்திரத்தை அசலாகக் கண்ணால் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் கலர் ஜெராக்ஸ் அசலாகாது. "தொலைஞ்சு போச்சு, நகல் எடுத்து வச்சிருக்கேன்" என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வங்கியில் பத்திரம் இருந்தால், பாக்கி எவ்வளவு என்று வங்கி எழுதித் தந்த கடிதம் கேளுங்கள். வங்கிக்குத் தெரியாமல் இப்படி ஓர் ஒப்பந்தம் போடலாமா என்பதையும் கடன் பத்திரத்தைப் பார்த்து வக்கீல் சொல்லட்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: மாதப் பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல் நேராக அந்தக் கடன் கணக்கிலேயே கட்டுவது, அதை ஒப்பந்தத்திலும் எழுதுவது. இதற்கு முகம் சுளிக்கிறார் என்றால் பணம் எங்கே போகப் போகிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சொத்து பூர்விகமா, சுய சம்பாத்தியமா என்பதும் கேட்க வேண்டியதே. பூர்விகம் என்றால் அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, பெண் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. கல்யாணமாகிப் போன தங்கை ஐந்தாம் வருடம் வந்து கேட்டால், தவறு அவருடையது இல்லை.

பவர் கொடுத்தால் வீடே கொடுத்த மாதிரி என்று நம்புவது

"கிரயம் அப்புறம் பார்த்துக்கலாம், இப்போதைக்குப் பவர் எழுதித் தர்றேன்" என்பது பழைய தந்திரம். பவர் என்பது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். பவர் பத்திரத்தால் சொத்து கை மாறாது என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பொதுவாகப் பவர் எழுதியவர் இறந்தால் பவரும் போய்விடும்.

எதிர்ப்பக்கத்துப் பவரும் உண்டு. உங்களோடு ஒப்பந்தம் போடுகிறவர் உரிமையாளரே அல்ல, பவர் ஏஜென்ட். அந்தப் பவர் இன்னும் உயிரோடு இருக்கிறதா, ரத்து ஆகிவிட்டதா என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். உரிமையாளரிடம் வீடியோ காலிலாவது ஒரு தடவை பேசாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வாரிய வீடுகளில் இது இன்னும் மோசம். வீட்டுவசதி வாரியமும், 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியதும் தவணை முறையில் வீடு ஒதுக்கியிருக்கின்றன. மாதாமாதம் கட்டி முடித்தபின் கிரயப் பத்திரம். வாடகை போலக் கட்டி வீட்டைச் சொந்தமாக்குவதில் நம் ஊரில் நிஜமாக நடந்தது இதுதான். ஆனால் ஒதுக்கீடு பெற்றவர் பாதியிலேயே வேறொருவரிடம் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, "மிச்சத் தவணையை நீங்க கட்டிக்கோங்க" என்று சாவியைக் கொடுத்துவிடுவார். கட்டுவது இவர். பத்திரம் வருவது அவர் பெயரில். அவர் அன்றைக்கு இன்னும் உரிமையாளரே ஆகவில்லை என்னும்போது எதை விற்றார்? பணம் கொடுப்பதற்கு முன் வாரிய அலுவலகத்துக்கு ஒரு நடை போய், அந்த ஒதுக்கீட்டைப் பெயர் மாற்ற விதி இடம் கொடுக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசித் தொகையைக் கணக்குப் போடாமல் விடுவது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடு 32 லட்சம். முன்பணம் 5 லட்சம். மாதம் 18,000, அதில் 8,000 விலையில் வரவு. ஐந்து வருடத்தில் 4 லட்சத்து 80 ஆயிரம். ஆக உங்கள் பக்கம் சேர்ந்தது 9.8 லட்சம். மிச்சம் 22.2 லட்சத்தை ஐந்தாம் வருடக் கடைசியில் மொத்தமாகக் கொண்டுவர வேண்டும். வங்கிக் கடன்தான் வழி. 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு என்றால் மாதம் ஏறக்குறைய 20,000. அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 32 லட்சத்துக்குப் பதிந்தால் 2 லட்சத்து 88 ஆயிரம்.

சம்பளச் சீட்டு இல்லாதவர், பழைய கடனில் சிக்கி வங்கியில் மதிப்பெண் குறைந்தவர், இவர்களைத் தேடித்தான் இந்த மாதிரிப் பேரம் வரும். ஐந்து வருடம் கழித்தும் வங்கி கொடுக்கவில்லை என்றால்? ஒப்பந்தத்தில் எங்காவது ஒரு மூலையில், 'குறித்த காலத்தில் பாக்கியைச் செலுத்தத் தவறினால் அதுவரை செலுத்திய தொகை முழுவதும் உரிமையாளரையே சாரும்' என்று ஒரு வரி இருக்கும். சில பேருக்கு லாபமே அந்த வரிதான். நீங்கள் தவறினால் மறுபடி இன்னொருவருக்கு அதே வீடு, அதே வரி. அதை மாற்றி, இவ்வளவு பிடித்தம் போக மிச்சத்தை இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று எழுத வையுங்கள். விலையையும் இன்றே எண்ணாகவும் எழுத்தாகவும் போட வேண்டும். 'அன்றைய மார்க்கெட் விலைக்கு' என்றிருந்தால் நீங்கள் வாங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ரொக்கம், வாய்வார்த்தை, நாள் தள்ளுதல்

வீடு விற்க முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. அபராதம் வாங்குகிறவருக்கு. இதைச் சொன்னாலே பலர் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அனுப்பும்போது குறிப்பில் 'கிரய முன்பணம்' என்று போடுங்கள். மாதாமாதமும் இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள், ஒன்றில் வாடகை, மற்றதில் கிரயத் தொகை.

நாள் விஷயம் இன்னும் நைசாக நடக்கும். கிரயம் முடிக்க ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். வீட்டுக்காரர் நல்லவிதமாகவே பேசுவார். பையனுக்குப் பரீட்சை, மாமனாருக்கு ஆபரேஷன், ஆடி போகட்டும், தை வரட்டும். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கும். தள்ளுவதாக இருந்தால் எழுத்தில் கையெழுத்தோடு தள்ளுங்கள். மூன்று தை போய்விட்டால் அப்புறம் கோர்ட் வாசலில் நிற்கவே முடியாமல் போகும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்

வீட்டைச் சட்டென்று காலி செய்யாதீர்கள். பணம் கட்டுவதையும் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான் என்று ஆகிவிடும். வக்கீல் மூலம், பாக்கியைக் கொடுத்துக் கிரயம் வாங்கத் தயாராக இருக்கிறேன் என்று நோட்டீஸ் அனுப்புங்கள். இந்த வழக்குகளில் வாங்குபவர் தயாராக இருந்தாரா என்பதுதான் முதல் கேள்வி. வழக்குப் போட்டால், கிரயம் இல்லையென்றால் கொடுத்த பணமாவது வேண்டும் என்பதையும் மனுவிலேயே கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் கோர்ட் தானாகக் கொடுக்காது. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் இருந்தால், அதே வீட்டை இரண்டு மூன்று பேரிடம் பேசியது போல, போலீசில் மோசடிப் புகார் தனியாகக் கொடுக்கலாம்.

அக்கா வழக்குக்குப் போகவில்லை. பேசி முடித்தார்கள். முன்பணம் 4 லட்சத்தில் 3 லட்சம் வங்கி வழியாகப் போயிருந்தது. ஒரு லட்சம் ரொக்கம். வீட்டுக்காரர் மூன்று காசோலையாகத் திருப்பித் தந்தது சரியாக அந்த 3 லட்சம்தான். முப்பத்தொரு ரசீதும் இன்னும் அந்த டப்பாவில்தான் இருக்கின்றன.